செத்த கம்பு

தூண்டில் கம்பு செத்துவிட்டது என்று யல்மாரி தன் மனைவி ஹெல்வியிடம் சொன்னான். மீன்பிடிக்காரர்கள் வழக்கமாகச் சொல்வதுதான். மீன் கடிப்பதைக் கைக்குச் சொல்லாத கம்பு செத்த கம்பு. பனிக்கட்டி உருகி ஏரி திறந்ததிலிருந்து அவனும் நாணல் ஓரமாகப் படகை நிறுத்தித் இரைக்குப் பதில் பளபளக்கும் தகடு கட்டிய தூண்டிலை வீசுவதும் சுருட்டுவதுமாக இருந்தான். ஒரு ஹவுகி மீன்கூடப் படகேறவில்லை. கடிப்பதே தெரியவில்லை, கம்பு மந்தம், புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்றான்.

ஹவுகி என்ன நாசூக்காகக் கொறிக்கிற மீனா? வெளியூர்க்காரர்கள் பைக் மீன் என்பார்கள். முதலை வாயும் ஊசிப் பல்லுமாகப் புல்லுக்குள் பதுங்கிக் கிடந்து, பளபளவென்று எது போனாலும் பாய்ந்து அறைகிற ஜாதி. அது கடித்தால் செத்தவன் கைக்கும் தெரியும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவனே இந்த யல்மாரிதான். போன ஞாயிற்றுக்கிழமை படகில் அவனுக்கு எதிரே ஹெல்வி உட்கார்ந்திருந்தாள். கம்பின் நுனி சட்டென்று வளைந்து, இன்னொரு முறை இழுபட்டு, நிமிர்ந்துகொண்டது. அவன் பாட்டுக்குச் சுருட்டிக்கொண்டிருந்தான், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். மீன் கடித்துவிட்டுப் போனது அவன் கைக்குத் தெரியவே இல்லை. அதைச் சொல்ல ஹெல்விக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. காப்பிக் கோப்பை நழுவி உடைந்ததற்குக் கோப்பையின் பிடி வழுக்கல் என்றான். பொத்தான் சட்டைகளை விட்டுவிட்டுத் தலைவழியாக மாட்டுகிற கம்பளிச் சட்டையே கதி என்று கிடந்தான். மரக்கட்டை லாரி ஓட்டுகிறவன், கட்டைகளைத் தூக்கும் பளுதூக்கியை ஊசியில் நூல் கோர்ப்பதுபோல இயக்குவான் என்று பெயர் வாங்கியவன், சொந்த வீட்டு வாசல் கம்பத்தை அதே பளுதூக்கியால் இடித்துச் சாய்த்தான். அதற்கும் நெம்புகோல் சரியில்லையாம்.

அவனுடைய அண்ணன் ஆர்னேயும் இப்படித்தான் ஆரம்பித்தான். முதலில் குளிர் என்றான், கையுறையை மாற்றினான். பிறகு கோடரிப் பிடி சரியில்லை என்று பிடியை மாற்றினான். மாற்றிக்கொண்டே இருந்தான், விரலில் தொடங்கிய நரம்பு நோய் தோளுக்கு ஏறி, நாக்குக்கு ஏறி, கடைசியில் மூச்சுக்கும் ஏறிவிட்டது. ஆர்னேயைப் புதைத்துவிட்டு வந்த நாள் யல்மாரி தனியாகச் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறைக்குள் போய் உட்கார்ந்தான். அடுப்பு ஆறிப் போன பிறகும் வெளியே வரவில்லை. அதன் பிறகு அந்தப் பெயர் வீட்டில் எழவே இல்லை.

புதுக் கம்பு வாங்க இருவரும் தேவாலயத் தெருவில் இருந்த பெந்த்தியின் கடைக்குப் போனார்கள். அங்கே ரம்பமும் விற்கும், ரப்பர் பூட்ஸும் விற்கும், தூண்டிலும் விற்கும். பெந்த்தி அந்த ஏரிப் பக்கத்து ஆள். நேராகப் பதில் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதுபோல எல்லாவற்றையும் சுற்றி வளைத்துச் சொல்வான். கம்புகளை மேசைமேல் பரப்பினான். ரொம்ப வளைகிற கம்பு கனமான தகட்டைத் தூக்கி எறியாதாம், ரொம்ப விறைத்தது மீனின் வாயைக் கிழித்து அதை அனுப்பிவிடுமாம். கம்பின் அடி முரட்டுத்தனமாகவும் நுனி காது கொடுத்துக் கேட்பதாகவும் இருக்க வேண்டுமாம். யல்மாரி ஒவ்வொன்றையும் இடது கையால் எடுத்து ஆட்டிப் பார்த்தான். அவன் இடது கைக்காரன் அல்ல.

எது உயிருள்ள கம்பு என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒருவர் நுனியைத் தன் தொண்டையில் ஒட்டிவைத்துப் பேச வேண்டும். அடியைப் பிடித்திருப்பவர் கையில் குரல் அதிரும். காது ஏமாற்றக் கூடாது என்று, மரம் அறுப்பவர்கள் போடும் காதடைப்பான் ஒன்றைச் சுவரிலிருந்து எடுத்து யல்மாரியின் தலையில் மாட்டி, அவனைத் திருப்பி நிறுத்தினான் பெந்த்தி. கம்பின் அடியை அவன் கையில் கொடுத்து, நுனியை ஹெல்வியிடம் நீட்டினான்.

"கம்பு வாங்குறது கல்யாணம் பண்ற மாதிரிம்மா ஹெல்வி. நீ பேசறது அவன் கைக்குக் கேக்கணும். காதுக்குக் கேக்காதுன்னு ஊருக்கே தெரியும்."

அவளும் சிரித்து வைத்தாள். முதல் கம்புக்கு முனகினாள். யல்மாரி தலையை ஆட்டினான், இது செத்தது. இரண்டாவதுக்கு அடுத்த வாரம் நட வேண்டிய உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினாள். அதுவும் செத்தது. மூன்றாவது கம்பை எடுக்கும்போது பெந்த்தியின் முகத்தில் கேலி குறைந்திருந்தது. கடையிலேயே நல்லது இதுதான், கொசு உட்கார்ந்தாலும் சொல்லும் என்று தணிந்த குரலில் சொன்னான். ஹெல்வி நுனியைத் தொண்டையில் வைத்து உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆங், இதுதான்," என்றான் யல்மாரி, காதடைத்தவர்கள் பேசுவதுபோல உரக்க. "இப்ப நல்லா பேசற. நல்லா தெரியுது."

அவள் மூச்சுகூட விடவில்லை. அவன் ஊகித்துச் சொல்கிறான், பரீட்சையில் பக்கத்துப் பையன் விடையைப் பார்த்து எழுதுவதுபோல. அவனுக்கும் பயம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நுனியைத் தொண்டையிலிருந்து எடுக்காமல், இத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததை அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"யல்மாரி, எனக்குப் பயமா இருக்கு. ஆர்னேக்கு வந்தது உனக்கும் வந்துருச்சுன்னு பயமா இருக்கு."

பெந்த்தி மேசைமேல் இருந்த எதையோ எடுத்து மறுபடி அங்கேயே வைத்தான்.

"என்ன ஹெல்வி," என்றான் யல்மாரி. "நிறுத்திட்டியா? பேசேன். வாய மூடிக்கிட்டு நின்னா எப்படி?"

அவள் போய் அவன் காதடைப்பானைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். நுனியை அவன் கையில் கொடுத்து, தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். திரும்பி நின்று கம்பின் அடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உலகம் முழுக்க அமைதி. கடவுளே, ஒன்றும் தெரியக் கூடாது, தப்பு கம்பினுடையதாகவே இருக்கட்டும், இந்தக் கம்பும் செத்ததாகவே இருக்கட்டும், கடையில் இருக்கிற அத்தனை கம்பும் செத்துப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

உள்ளங்கையில் குறுகுறுத்தது. பூனை மடியில் படுத்துக் குர்ரென்று இரைவதுபோலத் தெளிவாக அவன் குரல் அவள் எலும்புக்குள் ஏறியது. ஒரு வார்த்தையோடு நிற்கவில்லை. கல்யாணத்தன்றுகூட நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவன் பேசிக்கொண்டே இருந்தான். நின்றான், மறுபடி பேசினான். அவள் கம்பை விடாமல் காதடைப்பானைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள். பெந்த்தி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். யல்மாரி இன்னும் நுனியைத் தொண்டையில்தான் வைத்திருந்தான்.

"என்ன சொன்னே?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றான். பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் சொன்னான். "வலது கை போன இலையுதிர் காலத்துலேயே போச்சு ஹெல்வி. இப்ப இடதும் போகுது. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொல்ல நினைத்திருந்தாள். அதற்குள் அவனே தலையசைத்தான், சரி, போகலாம் என்பதுபோல. நுனியைத் தொண்டையிலிருந்து எடுத்து, கையை விட்டான்.

"கம்பு எப்படி, நல்லதா?"

"நல்ல கம்பு," என்றாள் ஹெல்வி.

இப்போது யாரும் பேசவில்லை. நுனி காற்றில் நடுங்கிக்கொண்டே இருந்தது. அடியை அவள்தான் பிடித்திருந்தாள்.