சிலுவை வைத்த அப்பம்

துக்க வீட்டில் பெரிய வியாழனுக்கான பெசகா அப்பம் அவிக்கக் கூடாது. கணவர் உலகன்னான் போய் ஐந்து மாதம்தான் ஆகிறது. ஆண்டு திரும்பும்வரை ஏலிக்குட்டியின் அடுப்பில் அந்த அப்பம் ஏறாது. சொந்தக்காரர்கள் கொண்டு வருவார்கள், குடும்பத்து ஆண் ஒருவர் முறிப்பார், எல்லோரும் வெல்லப் பாலில் தொட்டுத் தின்பார்கள். கேரளத்து மீனச்சில் ஆற்றங்கரையில் பிறந்த எந்தக் கிறிஸ்தவனுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய வியாழன் சாயங்காலம் கொழுந்தன் தேவசியா வந்தார். வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார்.

"அப்பம் எங்க சேட்டத்தி? ஜெபம் சொல்லி முறிச்சிடுவோம்."

"நீங்க கொண்டு வரலையா?"

"நானா? பெரியக்கா கொண்டு வந்திருப்பான்னுல்ல நெனச்சேன்!"

தேவசியாவின் பெரியக்காவுக்குப் போன் போட்டால், அவள் ஏலிக்குட்டியின் அண்ணன் கொடுத்திருப்பார் என்று இருந்தாளாம். அண்ணனோ, பக்கத்திலேயே தேவசியா இருக்கிறாரே என்று இருந்துவிட்டாராம். மூன்று வீட்டிலும் அப்பம் ஆவி பறக்கிறது. துக்க வீட்டு மேசை மட்டும் காலி. முப்பத்தோரு வருடத்தில் இந்த மேசையில் அப்பம் இல்லாத பெசகா கிடையாது. அவர் போன கையோடு நம்மையும் மறந்துவிட்டார்களே என்று ஏலிக்குட்டிக்கு அழுகை முட்டியது.

"சேச்சி" என்று சமையல்கட்டுப் பக்கம் குரல் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்து நாயர் வீட்டுப் பங்கஜாட்சி. ஒரு கையில் வாழையிலை மூடிய தட்டு, மறு கையில் தூக்குவாளி நிறையப் பால்.

"யாரும் அப்பம் கொண்டு வந்த மாதிரி தெரியல. அதான் எடுத்துட்டு வந்தேன். எங்கப்பா செத்த வருஷம் ஓணத்துக்கு இப்படித்தான், அவங்க செய்வாங்க இவங்க செய்வாங்கன்னு எல்லாரும் எங்களக் கைவிட்டுட்டாங்க. பட்டவளுக்குத் தெரியும்."

இலையை விலக்கியதும் ஏலிக்குட்டி திடுக்கிட்டாள். அப்பத்தின் நடுவில் குருத்தோலைச் சிலுவை.

சிலுவை வைத்த அப்பம் ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்குச் சிலுவை வைக்காமல் தனியாக அவித்துக் கொடுப்பார்கள். வருடா வருடம் வேலி தாண்டிப் போனது அதுதான். இரண்டு வகை உண்டென்பதே பங்கஜாட்சிக்குத் தெரியாது என்று ஏலிக்குட்டி நம்பியிருந்தாள். அப்படி நம்புவது வசதியாகவும் இருந்தது.

"இந்த ஓலை ஏது உனக்கு?"

"குருத்தோலை ஞாயித்துக்கிழமை சர்ச்சுல வரிசைல நின்னு வாங்கினேன். ஃபாதர் யாரு என்னன்னு கேக்கவே இல்ல. நம்ம தோட்டத்து ஓலைய வச்சா மந்திரிச்சதாகாதே."

"குருசு வைக்கணும்னு உனக்கு எப்படி..."

"நீங்க கல்யாணமாகி வந்த ரெண்டாவது வருஷம் பெசகா அன்னிக்கு தேங்காத் துருவி கேட்டு வந்தேன்ல? அப்பவே ரெண்டு பாத்திரத்தையும் பாத்துட்டேனே."

இருபத்தொன்பது வருடம்! ஏலிக்குட்டிக்கு முகம் எரிந்தது. இவ்வளவு காலமும் தெரிந்தே வாங்கித் தின்று, "நல்லா இருந்துச்சு சேச்சி" என்று பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

தேவசியா ஊர் மத நல்லிணக்கக் குழுவின் தலைவர். போன மாதம்தான், நாமெல்லாம் ஒரே தட்டில் உண்கிறவர்கள் என்று மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் முழங்கி, மாலையும் வாங்கினார். இப்போது அந்தத் தட்டைப் பார்த்ததும் ஏலிக்குட்டியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நான் ஸ்கூட்டர்ல போய் நம்ம வீட்டு அப்பத்த எடுத்துட்டு வந்துடறேன். பத்தே நிமிஷம். இத மரியாதையா உள்ள வச்சிடுங்க."

"ஏன்?"

"ஞானஸ்நானம் இல்லாத கை செஞ்சத எப்படி முறிக்கறது? வழக்கம் இல்லையே!"

"துக்க வீட்டுக்கு வெறுங்கைய வீசிட்டு வர்றது மட்டும் வழக்கமோ?"

ஏலிக்குட்டி தட்டை மேசையில் வைத்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பத்தைத் தானே முறித்தாள்.

"பொம்பள முறிக்கறதா!" தேவசியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் காதில் வாங்கவில்லை. சிலுவை இருந்த நடுத்துண்டை எடுத்துப் பங்கஜாட்சியிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீ தின்னு."

பங்கஜாட்சி பதறிப்போய் இரண்டடி பின்வாங்கினாள்.

"ஐயோ, வேண்டாம் சேச்சி! எனக்கு இது கூடாதே. எனக்குன்னு வீட்டுல தனியா அவிச்சு வச்சிருக்கேன், குருசு இல்லாம. நான் அதத் தின்னுக்கறேன்."

ஏலிக்குட்டி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இன்னும் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு காலில் விழுந்து அழுதும் இருப்பாள். ஆனால் அந்த முகத்தில் குத்தல் மருந்துக்கும் இல்லை.

"சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு பங்கஜாட்சி வேலியைத் தாண்டிப் போனாள். அவளுக்கு இதைப் பழக்கியது தான்தான் என்று ஏலிக்குட்டிக்குத் தெரிந்தது. நீட்டிய கையை எப்படி மடக்குவது என்றுதான் தெரியவில்லை.