லக்கி லூசர்

1

விவேக் நகர் பேருந்தில் ஒரு டென்னிஸ் பை என் விலாவில் இடித்தது. "சாரி சார்" என்றார் பைக்காரர். முப்பதை ஒட்டிய வயது, வெயிலில் கறுத்த கழுத்து. "மேட்ச்சா?" என்றேன். "தோத்துட்டேன் சார்." அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

பைக்காரருக்கு ஓஸ்வால்ட் என்று பெயர் வைத்து, முதல் வரியை இப்படி எழுதினேன்: 'உலகமே திரும்பிப் பார்க்கும்படி ஓஸ்வால்ட் அன்று—'

(அடித்துவிட்டேன். உலகம் அவனைப் பார்க்கவேயில்லை.)

மறுபடி. ஓஸ்வால்டுக்கு இருபத்தொன்பது வயது. தரவரிசையில் ஒருமுறை ஐந்நூற்றுச் சொச்சம் வரை ஏறினான். பிறகு தோளில் அறுவை சிகிச்சை. இப்போது ஆயிரத்துக்கும் கீழே. தெருவில் இன்னும் கேட்கிறார்கள்: "டிவில எப்பப்பா வருவே?"

பெங்களூர்ப் போட்டியில், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றான். தோற்றவர்களுக்கும் ஒரு பின்வாசல் உண்டு. முதன்மைச் சுற்றிலிருந்து யாராவது விலகினால், தோற்றவர்களில் ஒருவரை உள்ளே விடுவார்கள். அவருக்கு 'லக்கி லூசர்' என்று பெயர். (பெயர் வைத்தவர் தோற்றே பார்த்திராதவராக இருக்க வேண்டும்.) அந்த வரிசையில் ஓஸ்வால்ட் முதல் ஆள்.

3

ஹரிஷ்குமார் அவனோடு பல ஊர்களில் அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பன். முதன்மைச் சுற்றில் இருந்தான். முந்தைய நாள் பயிற்சியில் கணுக்கால் பிசகிவிட்டது.

"மச்சி, ஆடட்டுமா, வேணாமா? பிசியோ என் இஷ்டம்ங்கிறாரு. நீ சொல்லு."

ஓஸ்வால்ட் ஹரிஷின் காலைத் தன் மடியில் வைத்து அழுத்திப் பார்த்தான். லேசான வீக்கம். இதைவிட வீங்கிய காலோடு ஹரிஷ் ஜெயித்திருக்கிறான். இதைவிடச் சின்ன வீக்கத்தோடு ஆடி, வருஷம் முழுக்க முடங்கியவர்களும் உண்டு.

(இங்கே வெகுநாள் நின்றுவிட்டேன். "ஆடுடா, டேப் சுத்தி விடறேன்" என்று அவனை நல்லவனாக எழுதினேன். ஒட்டவில்லை. வஞ்சகனாக எழுதினேன். அதுவும் ஒட்டவில்லை.)

"வேணாண்டா. ரிஸ்க் எடுக்காதே."

குரலில் அக்கறை இருந்தது. அதுதான் ஓஸ்வால்டைப் பயமுறுத்தியது.

ஹரிஷ் நொண்டியபடி அதிகாரிகளின் அறைக்குப் போனான். கதவருகே திரும்பிப் பார்த்தான். ஓஸ்வால்ட் அதற்குள் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

4

அவன் ஜெயிப்பதாக ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. கிழித்துப்போட்டேன்.

எதிரே பத்தொன்பது வயதுப் பையன். ஓஸ்வால்டின் சர்வை நின்ற இடத்திலிருந்தே திருப்பி அடித்தான். ஆறுக்கு ஒன்று, ஆறுக்குப் பூஜ்யம். கூட்டத்தில் ஒரே ஒரு குரல்தான் கடைசிவரை ஓயவில்லை: "விடாதே மச்சி! ஆடு, ஆடு!" ஹரிஷ், காலை முன்நாற்காலியில் நீட்டியபடி. ஒவ்வொரு முறை அந்தக் குரல் கேட்டபோதும் ஓஸ்வால்டுக்கு மனதில்—

(என்ன தோன்றியது என்று எழுத வரவில்லை. கடைசிப் புள்ளியில் அவன் போட்ட சர்வ் இரண்டு தடவையும் வலையில் விழுந்தது என்பது மட்டும் தெரியும்.)

5

மறுநாள் ஹரிஷ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம். ஆடியிருக்கலாமேன்னாரு டாக்டர்." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "மச்சி, நேத்து என் காலைப் பாத்துதானே சொன்னே?"

ஓஸ்வால்ட் நிமிர்ந்தான். அவனுக்கே பதில் தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பான். 'ஆமாண்டா' என்று எழுதிப் பார்த்தேன். ஹரிஷ் உடனே நம்பினான், பார்க்கச் சகிக்கவில்லை. 'தெரியலடா' என்று எழுதினேன். ஹரிஷ் எழுந்து தன் பையை எடுத்தான். இரண்டையும் அடித்துவிட்டேன்.

ஹரிஷ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நீங்களாவது சொல்லுங்கள்.