டேங்க் மேல் ஏறிய மாமனார்

“எத்தனை அடி உயரம்?” என்று கேட்டார் மாமனார். சாப்பாட்டுத் தட்டில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

“முப்பத்தஞ்சாயிரம் இருக்கும் மாமா,” என்றாள் மருமகள்.

“எங்க தலைக்கு மேலயா?”

“வேற எங்க மாமா பறக்கறது?”

என் சமையலறை ஜன்னலும் அவர்கள் சாப்பாட்டு மேஜையும் நேருக்கு நேர். நான் ஒட்டுக் கேட்கவில்லை. அவர்கள்தான் சத்தமாகப் பேசினார்கள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆம்பளை கீழே இருக்கும்போது பொம்பளை அவன் தலைக்கு மேலே போகக் கூடாது. கேட்டால் பரம்பரை வழக்கம் என்பார். வீட்டுக்கு மாடி வந்ததே மகன் பிறந்த பிறகுதான். சட்டம் மட்டும் ஆதிகாலத்தது! மாமியார் பாவம், வெயில் கொளுத்தும் மொட்டை மாடியை விட்டுவிட்டுச் சமையலறைச் சந்தில் துணி காயப் போடுவாள். அந்தக் குடும்பம் தெருமுனையில் வரும்போதே ஈர வாடை நம் வீட்டுக்குள் வந்துவிடும். இத்தனைக்கும் மாமனார் ஓய்வுபெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரையே மேலே ஏற்றிவிட்ட மனுஷர்.

மருமகள் பல் டாக்டராக இருந்தவள். ஒருமுறை மாமனாருக்கே கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டி வந்தது. நாற்காலியைக் கூரை இடிக்கும்வரை உயர்த்தி, இவள் தரையில் மண்டியிட்டு, அண்ணாந்து பார்த்துப் பிடுங்கினாள். அன்றைக்குத்தான் ‘இனி பல் வேண்டாம், பறப்போம்’ என்று அவள் முடிவெடுத்தாள் என்பது என் ஊகம். படித்தாள், பாஸ் செய்தாள். ஒரு விமானக் கம்பெனியில் துணை விமானி வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைதான் முதல் ஓட்டம்.

“நம்ம வீட்டைச் சுத்திக்கிட்டுப் போக முடியாதா?” என்றார் மாமனார்.

“கன்ட்ரோல் டவர்ல கேட்டுப் பாக்கறேன் மாமா. மாமனார் கோவிச்சுக்கறாருன்னு சொல்றேன்.”

“கிண்டலா? என் தலைக்கு மேல பறந்துட்டு இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது, ஆமாம்!”

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் பெண்டாட்டியையும் பார்த்தான், அப்பாவையும் பார்த்தான். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். “அப்பா, சட்டம் வீட்டுக்குத்தானே? வீட்டுலயே உச்சி எது? தண்ணி டேங்க். பிளேன் போற நேரம் நாம அது மேல நின்னுட்டா? வீட்டுல நமக்கு மேல யாரும் இல்லையே.”

மாமனார் யோசித்தார். “ஏணி இருக்கா?” என்றார்.

முதல் ஓட்டத்துக்குக் குடும்பத்தில் ஒருவருக்கு இலவச டிக்கெட் உண்டாம். “பொம்பளை ஓட்டுற வண்டியில நானா?” என்று மாமனார் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். புருஷனுக்கோ ஏணி பிடிக்கிற வேலை. வெள்ளிக்கிழமை காலையில் மாமியார் என்னிடம் வந்து, “உங்க கைப்பையைக் கொஞ்சம் குடுங்க. கண் டாக்டர்கிட்ட போறேன்,” என்றாள். கண் டாக்டரைப் பார்க்க யார் பட்டுப்புடவை கட்டுவார்கள்? நான் கேட்கவில்லை. எனக்கும் நாகரிகம் உண்டு.

அன்று தெருவே வாசலில் நின்றது. டேங்க் மூடிமேல் மாமனார் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பக்கத்தில் ஒண்டிக்கொண்டு மகன். விமானம் வந்தது, அண்ணாந்து பார்த்ததில் மாமனார் தடுமாறி மகன் காதைப் பிடித்துக்கொண்டார். விமானம் போனது. “பாத்தீங்களா? எனக்கு மேல எவளும் போகல!” என்று கத்தினார்.

சாயங்காலம் மாமியாரும் மருமகளும் ஒரே டாக்ஸியில் வந்து இறங்கினார்கள். மாமனார் வாசலை மறித்து நின்று மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். சட்டம் ஜெயித்துவிட்டதாக அவரே ஊருக்குச் சொல்லிவிட்டதால், வழிவிட்டார். மாமியார் என் பையைத் திருப்பித் தந்தாள். உள்ளே விமானத்து மிட்டாய்.

பிறகு அவள் சந்துக்குப் போய், ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

“ஏய்! நான் கீழ இருக்கேன்!” என்று அலறினார் மாமனார்.

அவள் பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

“பிளேன்லேருந்து ஜன்னல் வழியா தேடித் தேடிப் பாத்தேங்க. நீங்க டேங்க் மேல நிக்கறீங்களா, கீழ நிக்கறீங்களான்னு ஒண்ணும் தெரியல.”

மாடியில் வேட்டியை உதறும் சத்தம் கேட்டது.