இந்த வருஷத்து வெடிமருந்து

வெடிமருந்துத் தகரப் பேணியைத் தூக்கியதுமே ஜூலியாவுக்குத் திக்கென்றது. போன ஞாயிறு அவளே குலுக்கிப் பார்த்த பேணி அது. அடியில் கொஞ்சம் கிடந்து சலசலத்தது. இப்போது வாய்வரை நிறைந்து, குலுக்கினால் சத்தமே வராமல் கனத்தது. பக்கத்தில் போன வாரம் வாங்கிய புதுப் பேணி. மூடி ஒரு பக்கம், பேணி ஒரு பக்கம், உள்ளே ஒன்றுமில்லை.

ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக் வீட்டு நிலவறையில், தோட்டா அடைக்கிற அந்த மேசைக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பேணிதான். மற்றவை அலுமாரிக்குள் பூட்டில் கிடக்க வேண்டும். சட்டம் போட்டவர் அப்பாதான். பதினெட்டு வயதில் அவள் தெரியாமல் இரண்டாவது பேணியை மேசையில் வைத்தபோது, வாழ்க்கையில் ஒரு தடவையும் கை நீட்டாத மனுசன் மேசையில் ஓங்கி அடித்துக் கத்தினார். "கோப்பை உடைஞ்சால் வேறை கோப்பை வாங்கலாம். முகம் உடைஞ்சால் எங்கையடி வாங்குவாய்?"

ஜூலியா தராசுத் தட்டில் ஒரு சிட்டிகை கொட்டி விளக்குக்குக் கீழே பிடித்தாள். பழைய வகை குட்டைக் குட்டையாய்க் கடுகு மாதிரி இருக்கும். புதியது நீளம், நறுக்கிய பென்சில் கரிக்குச்சி மாதிரி. தட்டில் குட்டையும் நீளமும் கலந்து கிடந்தன. ஒன்று ஆறுதலாய், மெல்ல எரிவது, மற்றது சட்டென்று எரிவது. இரண்டும் கலந்தால் அது எப்படி எரியும் என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. துவக்கு கன்னத்தோடு ஒட்டியிருக்கும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

பேணிக்குப் பின்னால் இரண்டு பெட்டி தோட்டாக்கள். பளபளவென்று, புதிதாக அடைத்தவை. ஒரு மூடியில் பென்சிலால் அப்பாவின் கோணல் எழுத்து: ஜூலியா.

அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

அப்பா அருட்செல்வம் துவக்குக்குப் பயந்து மன்னாரிலிருந்து ஓடி வந்தவர். ஒஸ்லோவில் முப்பது வருஷம் பஸ் கழுவினார். அந்தப் பஸ் நிலையத்து மெக்கானிக் ஊட்வார் ஒருநாள், "எங்களோடு எல்க் மான் வேட்டைக்கு வாறியா?" என்று கேட்டதில் எல்லாம் தொடங்கியது. கோயிலில் ஆட்கள் சிரித்தார்கள். துவக்குக்கு ஓடினவன் துவக்கு வாங்கப் போறான் என்று. வேட்டைப் பரீட்சைப் புத்தகத்தை ஜூலியாதான் குசினி மேசையில் வைத்து வரிவரியாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அவளும் எழுதினாள், இருவரும் பாஸ். பிறகு அவள் பல்கலைக்கழகம் போனாள். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் மிதிக்காத படி அது. ஆனாலும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் அப்பாவோடு காட்டுக்குப் போனாள். கூடப் படித்தவர்கள் மூக்கைச் சுளித்தால், "கடையிலை வாங்கிற கோழி தற்கொலை செய்ததோ?" என்று கேட்டு வாயை அடைப்பாள்.

பத்து வருஷமாக ஒரே வகை வெடிமருந்து. நோர்வேக்குக் கிழக்கே போர் தொடங்கிய பிறகு அது கடைகளுக்கு வருவது நின்றுபோனது. இந்த வருஷம் புதியதொன்று தெரிவு செய்தே ஆகவேண்டும் என்ற நிலை. இரண்டு வாரத்துக்கு முன், இதே மேசையில், அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அப்படி ஒரு கதை கதைத்தார்.

"இதைப் பார், நல்ல வேகம் குடுக்கும். ஆனா எனக்கு என்னத்துக்கு வேகம்? எல்க்குக்கு அவசரம் இருக்கும், எனக்கு இல்லை."

"அப்ப மற்றதை எடுப்பமே?"

"பொறு பிள்ளை. இந்தக் கீழறை ஷெல்லருக்குள்ளை இருந்து பார்த்தால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். மைனஸ் பத்திலை, விரல் விறைச்சுப்போற நேரத்திலையும் இது இதே மாதிரி எரியவேணும். சூட்டுக்கு ஒரு குணம், குளிருக்கு ஒரு குணம் எண்டால் அது சரிவராது. மனுசரிலை அப்பிடி ஆக்கள் இருக்கிறதே போதும்."

கடைசியில் இவர் கேட்ட ஆறுதலான வகை கடையில் இல்லை. ஒரு மாதம் செல்லும் என்றான் கடைக்காரன். அதுவரை இருக்கட்டும் என்று, ஜூலியாவின் சின்னத் துவக்குக்குப் பொருந்துகிற வேகமான வகையில் ஒரு பேணி வாங்கி வந்தார்கள். அந்தப் பேணிதான் இப்போது காலி.

"அப்பா!" அவள் படியடியில் நின்று கத்தினாள். "ஒருக்கா கீழை வாங்கோ."

அருட்செல்வம் சவரம் செய்த பாதி முகத்தோடு இறங்கி வந்தார். துவாய் தோளில்.

"பழைய பேணிக்குள்ளை என்ன போட்டனீங்கள்?"

"அதுவோ? அடியிலை கொஞ்சம் கிடந்தது. புதுசை மேலை கொட்டிவிட்டனான். ரண்டு பேணி என்னத்துக்கு இடத்தை அடைச்சுக்கொண்டு? அம்மா அரிசியை அப்பிடித்தானே செய்யிறவா."

சொன்ன குரலில் வீட்டை ஒழுங்குபடுத்தியவரின் பெருமை இருந்தது. அதுதான் அவளைக் குத்தியது.

"அப்பா, ரண்டும் வேறை வேறை."

"வெடிமருந்துதானே பிள்ளை," என்றார் அவர்.

ஜூலியா தன் பேர் எழுதிய பெட்டியை எடுத்தாள். அவர் மற்றப் பாதி முகத்தைச் சவரம் செய்ய மேலே போனார்.

குசினியில் அம்மா புளோறன்ஸ் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜூலியா பெட்டியை அவளுக்கு முன்னால் வைத்தாள்.

"எவ்வளவு காலமா உங்களுக்குத் தெரியும்?"

புளோறன்ஸ் கத்தியை வைக்கவில்லை. "எது?"

"அம்மா, எனக்கு விசர் வரப்போகுது."

கத்தி நின்றது. "மாசியிலை ஒருநாள் அப்பா ரெயினிலை லில்லெஸ்ட்ரோம் வரைக்கும் போயிட்டார். அங்கை நிண்டு போன் அடிக்கிறார், புளோறன்ஸ், நான் ஏன் இஞ்சை நிக்கிறன் எண்டு. நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"மாசியிலை! இப்ப புரட்டாசி. டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?"

"காட்டினால் அவன் பொலிசுக்கு எழுதுவான். துவக்கை வந்து கொண்டுபோவாங்கள். பிறகு கோயில் முழுக்கத் தெரியும்." புளோறன்ஸ் மீன் கையைச் சட்டையில் துடைத்தாள். "எடி பிள்ளை, முப்பது வருசம் அந்த மனுசனை அந்த வேலையிலை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை. ஏய், ஓய், நீ. இந்த யாக்ட், வேட்டைப் பெடியள்தான் பேரைச் சுருக்கி ஆருல், ஆருல் எண்டு கூப்பிடுறவங்கள். என்ரை எல்க் கறிக்கு அவங்கள் அடிபடுறதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருசம் சிரிப்பார். இந்த ஒரு வருசம் மட்டும் போகட்டும். நீ கூடத்தானே நிப்பாய்."

"அம்மா, இந்தப் பெட்டியிலை என்ரை பேர் இருக்கு."

புளோறன்ஸ் மூடியைப் பார்த்தாள். எழுத்தை விரலால் தொட்டாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்குள் அழுதாள்.

ஜூலியா அவளுக்கு முன்னால் நின்றபடியே ஊட்வாருக்குப் போன் எடுத்தாள். அடுத்த வாரம் வேட்டை தொடங்குகிறது. யார் எந்த இடத்தில் நிற்பது என்று அவர்தான் பிரிப்பவர். அவள் நோர்வேஜிய மொழியில் ஒன்றும் பூசி மெழுகாமல் சொன்னாள்.

"போன வருஷம்," என்றார் ஊட்வார், "வேட்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன பிறகும் ஆருல் தன் இடத்தைவிட்டு எழும்பவில்லை. நான் தேடிப் போனேன். நாங்கள் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்டார்."

"எனக்கு ஏன் சொல்லவில்லை? நான் அடுத்த மேட்டில்தானே நின்றேன்."

"அவர் வெட்கப்படுவார் என்று..."

"கையில் துவக்கு இருந்தது, ஊட்வார்."

"தெரியும்," என்றார் அவர். "தெரியும், ஜூலியா."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாரும் அவரில் அன்பு வைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த அன்பை இழுத்து வைத்து அறைய வேண்டும் போல் இருந்தது ஜூலியாவுக்கு. தன்னையும் சேர்த்துத்தான். போன கோடையில் அப்பா அவளை இரண்டு தடவை தன் தங்கச்சியின் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது அவளும் சிரித்துவிட்டுத்தானே போனாள்.

பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்தாள். நிலவறைக்கு அவரைக் கூட்டிப் போய் இருத்தி, தட்டில் குட்டையையும் நீளத்தையும் காட்டினாள்.

"அப்பா, நீங்கள் ரண்டையும் கலந்துபோட்டீங்கள். அதாலை தோட்டாவும் அடைச்சுப்போட்டீங்கள். இந்த வருசம் நீங்கள் யாக்டுக்குப் போகேலாது. இனிமேலும் ஏலாது."

அவர் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஏதோ வந்து நின்றது. அந்த நேரம் அவருக்கு எல்லாம் முழுசாகத் தெரிந்திருந்தது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"வெடிச்சிருக்குமோ?"

"ஓம்."

"உன்ரை கையிலையோ?"

"ஓம், அப்பா."

அவர் காற்சட்டைப் பையிலிருந்து திறப்புக் கோர்வையை எடுத்தார். துவக்கு அலுமாரித் திறப்பைக் கழற்ற விரல் நகம் போதவில்லை. வளையம் இறுக்கம். அவள் உதவக் கை நீட்டினாள். அவர் தட்டிவிட்டார். நெடுநேரம் மினக்கெட்டு, தானே கழற்றி, அவள் கையில் வைத்தார்.

"அடைச்சவன்தான் கழட்டவேணும்," என்றார். "சுத்தியலை எடு."

தோட்டாவைப் பிரிக்கிற சுத்தியல் அது. தலைக்குள் தோட்டாவைச் செருகி மரக்குற்றியில் ஓங்கிப் போட்டால் குண்டு கழன்று விழும், வெடிமருந்து கொட்டும். டங். குண்டு ஒரு பக்கம், பித்தளைக் கோது ஒரு பக்கம், கறுப்புத் தூள் கோப்பையில். டங். மேலே அம்மாவின் நடை ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று போனது. முதலில் அவர் தன்னுடைய பெட்டியை முடித்தார். பிறகு மற்றதைத் திறந்தார். மூடியைத் தலைகீழாக வைத்தார், எழுத்து தெரியாதபடி. டங். பஸ் கழுவிய காலத்திலிருந்தே தோள் நோவு அவருக்கு. ஆனால் சுத்தியலை அவளிடம் கொடுக்கவில்லை. ஜூலியா குண்டுகளைப் பொறுக்கித் துடைத்து அடுக்கினாள். கலந்த வெடிமருந்தைக் கடைக்காரன் வாங்கி அழிப்பதாகச் சொல்லியிருந்தான்.

கடைசித் தோட்டாவும் கழன்றது. அருட்செல்வம் மேசையைத் துடைத்தார், சுத்தியலை ஆணியில் மாட்டினார். வெற்றுக்கோதுகளை வரிசையாக நிறுத்தினார். வேர்த்திருந்தது, ஆனால் ஒரு வேலை முடித்த மனுசனின் தெளிவு முகத்தில். கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.

"சரி," என்றார். "கோது எல்லாம் சுத்தம். இந்த வருசம் எந்த வெடிமருந்தை எடுப்பம், பிள்ளை? பழசு கடையிலை இல்லையாமே."

ஜூலியா கைக்குள் இருந்த திறப்பை இறுக்கினாள். அது உள்ளங்கையில் அழுந்தியது. திரும்பவும் தட்டைக் காட்டலாம், திரும்பவும் சொல்லலாம். அந்த முகம் திரும்பவும் வந்து நிற்கும். அவள் வாய் திறந்தாள்.

"ரண்டு வகை இருக்கு அப்பா," என்றாள். "ஒண்டு நல்ல வேகம்."

"எனக்கு என்னத்துக்கு வேகம்?" அவர் சிரித்தார். "எல்க்குக்கு அவசரம் இருக்கும், எனக்கு இல்லை."

"மற்றது ஆறுதலா எரியும்."

"பொறு, பொறு. குளிருக்கு எப்பிடி? ஷெல்லருக்குள்ளை இருந்து பார்த்தால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

"குளிருக்கும் ஒரே மாதிரித்தானாம்."

அவர் யோசித்தார். ஒரு வெற்றுக்கோதை எடுத்து அதன் வாயைப் பெருவிரலால் தடவினார். எந்த அவசரமும் இல்லாமல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய் எடைபோட்டு, கடைசியில் தலையாட்டினார்.

"அப்ப அதுதான். அதையே எடுப்பம். அடுத்த கிழமை ரண்டு பேருமாப் போய் வாங்குவம், என்ன?"

"ஓம் அப்பா," என்றாள் ஜூலியா. "வாங்குவம்."