நாற்பது இலைப் பைகள்

மரபணுச் சோதனைக்காக என் மேசையில் இருந்த நாற்பது பயற்றிலைப் பைகளில் ஒன்று என் தம்பியின் வயலிலிருந்து வந்தது. எதுவென்று எனக்குத் தெரியாது. பைமேல் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் கம்பெனி அதிகாரியின் மேசையில் பூட்டிக் கிடக்கும். சோதிப்பவர் யாருக்கும் சலுகை காட்டிவிடக் கூடாது என்று இந்த ஆய்வுக்கூடத்தில் அந்த விதியை வைத்தவளே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

வறட்சி தாங்கும் இந்தப் பயற்றை அரசாங்கப் பணத்தில் பதினாறு வருஷம் பாடுபட்டு உருவாக்கினோம். அந்தப் பணம் வருஷா வருஷம் தேய்ந்தது. "உலகம் பூரா இதே கதைதாம்மா. அரசாங்கம் கையைச் சுருக்குது, கம்பெனி பையை அவிழ்க்குது" என்றார் இயக்குநர். போன வருஷம் ஒரு கம்பெனி எங்கள் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டது. பதிலுக்குப் பயறு அவர்களுடையதானது.

ஒப்பந்தம் கையெழுத்தான நாலாம் நாள், சோதனை வயலில் மிஞ்சிய விதையைத் தம்பிக்குக் கொடுத்தேன். மிஞ்சியதை விவசாயிகளுக்குக் கொடுப்பது இங்கே என்றைக்கும் உள்ள வழக்கம். கைப்பழக்கத்தில் கொடுத்துவிட்டேன். அது இனி எங்கள் விதை இல்லை என்பது மண்டையில் ஏறவே இல்லை.

நேற்று தம்பி போனில் சிரித்துக்கொண்டே சொன்னான், "அக்கா, கம்பெனி ஆளுங்க வந்து இலையைக் கிள்ளிட்டுப் போறாங்க. ஆடு மேயுற மாதிரி!" அனுமதியில்லாமல் விதைத்திருந்தால் வழக்கு, பயிர் முழுவதையும் அழித்துவிடுவார்கள்.

முதல் பையின் மரபணு கம்பெனிப் பயற்றோடு ஒத்துப்போனது. தம்பியுடையதுதான் என்று நினைத்தேன். இரண்டாவதும் ஒத்துப்போனது. மூன்றாவதும். மாலைக்குள் நாற்பதும் ஒத்துப்போயின.

தம்பியைக் கூப்பிட்டேன். "எத்தனை பேருக்குடா கொடுத்தே?"

"கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தேன். அரசாங்க விதை, நாலு பேருக்குக் கொடுன்னு நீதானேக்கா சொன்னே?"

சொன்னேன்தான். போனை வைத்தபோது கம்பெனி அதிகாரி உள்ளே வந்தார். தன்மையான மனிதர், ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அதனாலேயே எனக்கு அவரைக் கண்டால் பயம்.

"எத்தனை ஒத்துப்போச்சும்மா?"

"நாற்பதும்."

"நாற்பது பேருமா திருடியிருக்காங்க?"

"யாரும் திருடலைங்க. நான்தான் கொடுத்தேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கையெழுத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னாடி என்றால் நாற்பது குடும்பமும் நடுத்தெருவுக்கு வரும்.

"முன்னாடிங்க."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லையே! மிஞ்சின விதைக்குப் பதிவேடு இருக்குமே, தேதியைப் பார்த்துட்டா முடிஞ்சுது."

பதிவேடு அலமாரியில் பூட்டியிருந்தது. எவ்வளவு, யாருக்கு, என்றைக்கு என்று ஒரு வரி விடாமல் எழுதுகிறவள் நான். அந்த நாலாம் நாளையும் எழுதித் தொலைத்திருக்கிறேன்.

"அலமாரிச் சாவி கொடுங்கம்மா" என்று கையை நீட்டினார்.

சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. கொடுத்துவிட்டேன்.