மாற்றிப் பூட்டிய பேட்டரி

என் வீட்டுக்காரர் வடிவேலுக்கு வாய் நீளம். சிலோன் கப்பலை விட்டு இறங்கி மண்டபம் கேம்பில் கால் வைத்த நாளிலிருந்து அந்த வாய் ஓயவில்லை. சோறு குழைந்தால் சிலோன் அரிசி குழையாது என்பார். மழை பெய்தால், இதெல்லாம் ஒரு மழையா, டிக்கோயாவில் பெய்யுமே அதுதான் மழை என்பார். சேரங்கோட்டுத் தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள்தான். அவர்களே இவர் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவார்கள்.

ஆனால் அவர் அங்கே லாரி ஓட்டியது பொய்யில்லை. இங்கே அவர் கையில் கொடுத்தது காடு வெட்டுகிற கத்தி. சாயங்காலம் அட்டை கடித்த காலோடு வந்து உட்காருவார். அந்தக் காலைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது, பேசட்டும் என்று விட்டுவிடுவேன்.

எஸ்டேட்டுக்கு இருந்தது ஒரே ஜீப். கொழுந்து மூட்டைகளை மலையிலிருந்து ஃபேக்டரிக்கு இழுத்துப் போவது அதுதான். டிரைவர் ஆறுச்சாமி மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர், தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். மேனேஜரே வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் பார்த்து வண்டி படுத்துக்கொண்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நின்ற பெண்கள் நாங்கள் கூடையைப் போட்டுவிட்டு அதைத் தள்ளினோம். ஒரு நாள் தள்ளியும் கிளம்பவில்லை. மூட்டைக்குள் கொழுந்து வெந்துபோகும் என்று மேனேஜர் கத்தினார்.

"நான் பாக்கட்டுமா தொரை?" என்று என் வீட்டுக்காரர் வரிசையை விட்டு முன்னால் போனார்.

உண்மையிலேயே நன்றாகத்தான் பார்த்தார். விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னார். விளக்கு அப்படியே மங்கி அணைந்தது. பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சைப் பூவை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, கம்பிகளை இறுக்கினார். அப்போதும் 'டக்' என்ற சத்தத்தோடு சரி. பிறகு பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து வைத்து மறுபடி அழுத்தச் சொன்னார். ஓர் அறையில் மட்டும் தண்ணீர் கொதிக்கிற மாதிரி குமிழ் விட்டது.

"இந்த செல்லு செத்துப் போச்சு தொரை. இனி சார்ஜ் ஏத்தியும் புண்ணியம் இல்ல. புதுசுதான் போடணும்."

"ஏன் செத்துது?" என்றார் மேனேஜர்.

அவர் ஒரு கணம் யோசித்தார். "ஆறுச்சாமி தண்ணி ஊத்தாம காய விட்டுட்டாரு."

மேனேஜர் முகம் மாறியது. "நீ இவ்வளவு தெரிஞ்சவனா? கூடலூருக்குப் போய் நீயே வாங்கிட்டு வா. பொருத்தி ஓட்டிக் காட்டு, பாக்கலாம்," என்றார்.

அன்றைக்கு அடுப்படியில் வைத்துக் கேட்டேன். "தண்ணி காஞ்சா போயிருந்துச்சு?"

"நெறையத்தான் இருந்துச்சு. பேட்டரிக்கு வயசாகிப் போச்சு, அவ்வளவுதான்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நம்ம ஆளு ஒருத்தனாச்சும் கத்திய கீழ வைக்க வேணாமா தெய்வம்மா?"

அவர் காலில் மருந்து தடவினேன்.

கூடலூரில் பேட்டரிக் கடை பாலனிடம் போய், பழையதை அளந்து, அதே பன்னிரண்டு வோல்ட்டில், அதே நீள அகலத்தில், ஜீப் பெட்டியில் உட்காருகிறதாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். "சேட்டா, தடிச்ச முனை பிளஸ்ஸாணு, நோக்கிப் பூட்டணும்," என்று பாலன் மலையாளம் கலந்து சொன்னாராம். இவர் விடுவாரா? "நான் சிலோன்ல பூட்டாத பேட்டரியா?" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மறுநாள் கொழுந்து நிறுக்கிற நேரம். ஃபேக்டரி வாசலில் எல்லாரும் கூடை இறக்கி நின்றோம். லீவு முடிந்து ஆறுச்சாமியும் வந்து ஓரமாக நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் பேட்டரியைப் பூட்டினார். ஒரு கவ்வி முனையில் இறங்கவே இல்லை, தட்டி இறக்கினார். இன்னொன்று லொடலொடவென்று ஆடியது, தகரத்துண்டை மடித்துச் செருகினார். அப்போதாவது அவர் நின்று யோசித்திருக்கலாம்.

ஸ்டார்ட்டரை அழுத்தினார். வண்டி உடனே உறுமியது. எங்கள் லயத்துப் பெண்கள் கைதட்டினார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பானெட்டுக்குள்ளிருந்து புகை வந்தது.

ஆறுச்சாமி ஓடிப்போய்ச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு கம்பியைப் பிடுங்கினார். குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார், பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. "ஏனுங்க, மாத்திப் பூட்டிட்டீங்களே. இந்த வண்டிக்கு மைனஸ்தானுங்க பாடியில."

டிக்கோயாவில் என் வீட்டுக்காரர் ஓட்டிய பழைய ஆஸ்டின் லாரிக்குப் பிளஸ் முனைதான் வண்டியின் உடம்போடு சேரும். கை அந்தப் பழக்கத்திலேயே போயிருக்கிறது.

மேனேஜர் வந்து, "என்ன ஆச்சு?" என்று கத்தினார்.

"சார்ஜ் ஏத்துற கட்-அவுட் கருகிப்போச்சுங்க. பழசுங்க அது, நாந்தான் பாக்காம உட்டுட்டனுங்க," என்றார் ஆறுச்சாமி.

"அன்னைக்குத் தண்ணி ஊத்தல, இன்னைக்கு இதுவா? நீ ஓட்டினது போதும், சாவியைக் கொடு." பிடுங்காத குறையாக வாங்கி, என் வீட்டுக்காரர் பக்கம் நீட்டினார். "நாளையிலிருந்து நீ எடு."

தண்ணீர் ஊற்றவில்லை என்று யார் சொல்லியிருப்பார்கள் என்பது ஆறுச்சாமிக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வாங்கிக்கொள் என்று என் மனசு சொன்னது, வாங்காதே என்றும் சொன்னது.

மேனேஜர் வைத்த சாவி என் வீட்டுக்காரர் உள்ளங்கையில் இருந்தது. விரலை மடக்கவில்லை.

"தொரை, மாத்திப் பூட்டுனது நாந்தான். தண்ணியும் காயல. நான் பொய் சொன்னேன்."

சத்தமாகவே சொன்னார். நிறுவைக்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார்.

மேனேஜர் சாவியை எடுத்துக்கொண்டார். "சிலோன்காரங்களே இப்படித்தான்," என்று எங்கள் எல்லாரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த வார்த்தை வாசலில் நின்ற ஒவ்வொருவர் மேலும் விழுந்தது. பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலைத்துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு கூடையோடு நடந்துவிட்டேன். அவர் அந்த வாசலைத் தனியாகத்தான் கடந்து வந்தார்.

ராத்திரி முழுக்க என்னை அரித்தது அவர் செய்தது இல்லை. அடுப்படியில் பொய்யை ஒப்புக்கொண்டபோது மருந்து தடவிய நான், உண்மையைச் சொன்னபோது முகத்தை மூடிக்கொண்டேனே என்பதுதான்.

காலையில் பேட்டரி சரியாகப் பூட்டியிருந்தது. ஆனால் கட்-அவுட் கருகியதால் சார்ஜ் ஏறவில்லை, ஜீப்பைத் தள்ளித்தான் ஆகவேண்டும். ஸ்டியரிங்கில் ஆறுச்சாமி இருந்தார். லயத்து ஆட்கள் ஒருவரும் நகரவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய் வண்டியின் பின்னால் கை கொடுத்தார். தனியாளாகத் தள்ளினார், அது அசையவில்லை.

நான் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.