தங்கை கழுத்துக் கல்

அம்மா போன பிறகு, சிவப்புக்கல் அட்டிகை பெரியவளுக்கு, அதே ஜாதிக் கல் வைத்த பதக்கம் சின்னவளுக்கு என்று சண்டையில்லாமல் பாகம் பிரிந்தது. பெரியவள் அட்டிகையை அப்படியே வைத்துக்கொண்டாள். சின்னவளோ பதக்கத்தைக் கலைத்து, சிவப்புக்கல் ஒன்றை மட்டும் நூல் போன்ற சங்கிலியில் கோத்து, ஜீன்ஸும் சட்டையுமாக ஆபீசுக்குப் போகும்போதுகூடப் போட்டுக்கொண்டாள்.

அது பெரியவளின் கண்ணை உறுத்தியது. தன் அட்டிகை மங்கிக் கிடக்க, அந்த ஒற்றைக் கல் மட்டும் எப்படி இப்படி ஜொலிக்கிறது? பாகம் பிரிக்கும் முன் அட்டிகையைப் பாலிஷ் போட எடுத்துப்போனவள் சின்னவள்தானே? நல்ல கல்லை உருவிக்கொண்டு என் தலையில் கண்ணாடியைக் கட்டிவிட்டாளோ?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதன்பின் தங்கை "சாப்ட்டியாக்கா?" என்று கேட்டாலும் உள்நோக்கம் தெரிந்தது.

"ஒரு விசேஷத்துக்குப் போட்டுக்கறேன்டி, குடு" என்று சங்கிலியை வாங்கி, அட்டிகையோடு சேர்த்துக் கல் பதிப்பவரிடம் நீட்டினாள். அவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அட்டிகை அசல்மா. உள்ள மெல்லிசா நார் ஓடுது பாருங்க, மண்ணுல விளைஞ்ச கல்லு. சங்கிலியில இருக்கறதுதான் கண்ணாடி. குமிழி தெரியுது."

பெரியவளுக்கு முதலில் நிம்மதி, அடுத்து வெட்கம், அதற்கும் அடுத்து கோபம். என் தங்கையை எவனோ ஏமாற்றிவிட்டான்! நேரே அவள் வீட்டுக்கே போனாள்.

"அடியே, பதக்கத்தைக் கலைச்சானே அந்த ஆளு, உனக்கு நல்லா நாமம் போட்டுட்டான். இது வெறும் கண்ணாடி!"

சின்னவள் சிரித்தாள். "தெரியும்க்கா. நான்தான் அதே மாதிரி கண்ணாடியில பண்ணச் சொன்னேன். பஸ் கூட்டத்துல அசலைப் போட்டுட்டுப் போக முடியுமா? அது பீரோவுல இருக்கு." சட்டென்று சிரிப்பு நின்றது. "ஆமா, விசேஷத்துக்குன்னுதானே வாங்கிட்டுப் போனே? கண்ணாடின்னு உனக்கு யார் சொன்னா?"

பெரியவள் சங்கிலியைத் தங்கையிடம் நீட்டினாள்.

சின்னவள் உள்ளே போய் அசல் கல்லைக் கொண்டுவந்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். "இதையும் காட்டிட்டு வா."

"என்னடி பேசறே? வேண்டாம்."

"இல்லக்கா, காட்டிட்டே வா. இல்லேன்னா இதுக்கும் ஒரு கதை கட்டுவே."

மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் விரல்கள் கல்லை மூடிக்கொண்டன.

அசல்தான் என்றார் கல் பதிப்பவர்.

சாயங்காலம் திருப்பிக் கொடுத்தபோது சின்னவள் அதை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவள் வாசலில் சற்று நின்று பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.